குரலுக்கு எரியும் விளக்கு: ‘வோஸ் ஆல்தா’வை அறைக்குள் செய்து பார்க்க

மெக்சிகோ நகரில் பிறந்தவர் ரஃபேல் லோசானோ-ஹெம்மர். அவர் 2008-இல் அந்நகரின் த்லாதெலோல்கோ பகுதியில் அமைத்த ‘வோஸ் ஆல்தா’வை (‘உரத்த குரல்’) விவரிப்பது எளிது. மூன்று பண்பாடுகளின் சதுக்கத்தில் ஒரு மெகாபோன். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம், தணிக்கை கிடையாது. பேச்சின் உரப்புக்கு ஏற்ப 10 கிலோவாட் தேடல்விளக்கு ஒன்று மின்னும். பேச்சு நின்றால் இருட்டு. அந்தக் கதிர் முன்னாள் வெளியுறவு அமைச்சகக் கட்டடத்தின் உச்சியைத் தொட்டதும் அங்கிருந்து மூன்று விளக்குகள் அதே மின்னலை வெவ்வேறு திசைகளில் நகரத்தின் மீது வீசும். 1968 அக்டோபர் 2 அன்று மாணவர்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்த இடம் அது. 40-ஆம் ஆண்டு நினைவுக்காக எழுந்த படைப்பு இது.

மாதிரி செய்பவர்கள் முதலில் மனதில் வாங்க வேண்டியது ஒன்று உண்டு. விளக்கு பேச்சின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே சுமக்கிறது, சொற்களை அல்ல. அதனால்தான் பல்கலைக்கழக வானொலியான ரேடியோ உனாம் 96.1-இல் பேச்சு நேரலையாகப் போனது. தூரத்தில் மின்னலைப் பார்ப்பவர் வானொலியைத் திருப்பினால்தான் என்ன பேசுகிறார்கள் என்று தெரியும். ஆகவே நீங்கள் செய்யப்போவது ஒலியின் விளிம்பை, அதாவது உரப்பு ஏறி இறங்கும் வடிவத்தைப் பிடித்து விளக்குக்குக் கொடுக்கும் கருவி. அதில் பாதி வேலை, பேசாதபோது விளக்கை முழுமையாக அணைப்பதுதான்.

வாங்க வேண்டியவை: நிரல் ஏற்றக்கூடிய சிறு பலகையான ஆர்டுயினோ ஊனோ அல்லது நானோ ஒன்று, மேக்ஸ் 4466 மைக் மாட்யூல் ஒன்று, ஐஆர்எல்இசட் 44என் மாஸ்ஃபெட் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணு விசை) இரண்டு, 10 வாட் சிஓபி எல்இடி நான்கு (9–12 வோல்ட் வகை என்று கேட்டு வாங்குங்கள், 30 வோல்ட் வகையும் அதே உருவத்தில் இருக்கும்), நான்குக்கும் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு), 3.3 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் நான்கு, 220 ஓம் இரண்டு, 10 கிலோஓம் இரண்டு, 1000 மைக்ரோஃபாரட் 25 வோல்ட் கெபாசிட்டர் ஒன்று, 12 வோல்ட் 5 ஆம்பியர் பவர் சப்ளை. கதிர் வேண்டுமென்றால் ஒவ்வொரு எல்இடிக்கும் குறுகிய கோண லென்ஸ். ஹீட்சிங்க் இல்லாமல் ‘சும்மா ஒரு நிமிஷம்’ சோதிக்கலாம் என்று நினைத்தால் எல்இடி போய்விடும்.

கடையில் மேக்ஸ் 9814 மாட்யூலைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், ‘இதுதான் நல்லது’ என்பார்கள். பேச்சைப் பதிவு செய்ய நல்லதுதான், இந்த வேலைக்கு ஆகாது. அமைதி வந்தால் அதுவே கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றிக்கொள்ளும். முணுமுணுப்பும் கத்தலும் ஒரே அளவாகிவிடும், மின்விசிறிச் சத்தத்துக்குக்கூட விளக்கு எரியும்.

இணைப்பு (மாஸ்ஃபெட்டின் மூன்று கால்கள் கேட், டிரெயின், சோர்ஸ்): ஆர்டுயினோவின் பின் 9-இலிருந்து 220 ஓம் வழியாக முதல் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு, கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 10 கிலோஓம். எல்இடியின் பாசிட்டிவ் முனைக்கு 12 வோல்ட், 3.3 ஓம் வழியாக. நெகட்டிவ் முனை டிரெயினுக்கு. இரண்டாவது மாஸ்ஃபெட்டுக்கு பின் 10. மற்ற மூன்று எல்இடிகளும் அதில், ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டருடன். பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறிய ஐஆர்எஃப்இசட் 44என் கையில் வந்தால் திருப்பிக் கொடுங்கள். 5 வோல்ட்டில் அது முழுதாகத் திறக்காது. விளக்கு மங்கும், மாஸ்ஃபெட் சுடும்.

மைக்குக்கு மின்சாரம் 3.3 வோல்ட் பின்னிலிருந்து. 5 வோல்ட்டில் யுஎஸ்பியின் இரைச்சல் கலந்திருக்கும். அதே 3.3 வோல்ட்டை ஏரெஃப் பின்னுக்கும் (அளவிடுவதற்கான ஒப்பீட்டு வோல்ட்டைப் பெறும் பின்) கொடுங்கள். ஆனால் வெளி ரெஃபரன்ஸைப் பயன்படுத்தச் சொல்லும் வரியை நிரலில் ஏற்றிய பிறகே அந்தக் கம்பியைச் செருக வேண்டும். மாறிச் செய்தால் சிப் கெடலாம்.

நிரலின் சாரம் இது. 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை, அந்த இடைவெளியில் மைக்கிலிருந்து ஆர்டுயினோ படித்த எண்களில் (0 முதல் 1023 வரை) மிகப்பெரியதிலிருந்து மிகச்சிறியதைக் கழியுங்கள். ஏன் 20? கனத்த ஆண் குரலின் அதிர்வு வினாடிக்கு 100 அளவில் இருக்கும், ஒரு சுற்றுக்கு 10 மில்லிவினாடி. 5 மில்லிவினாடி எடுத்தால் ஒரு சுற்றின் துண்டைத்தான் அளப்பீர்கள், விளக்கு காரணமில்லாமல் நடுங்கும். மாட்யூலின் பின்பக்கத் திருகைத் திருப்பி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் சாதாரணப் பேச்சு 300-ஐ ஒட்டியும் கத்தல் 900-ஐ ஒட்டியும் வரும்படி வையுங்கள். 1023-ஐத் தொட்டால் வெட்டுப்படுகிறது, குறையுங்கள்.

புதிய அளவு பழையதைவிடப் பெரிதானால் உடனே ஏற்றுங்கள். சிறிதானால் ஒவ்வொரு முறையும் பழையதை 0.8-ஆல் பெருக்கி இறக்குங்கள். அளவு சுமார் 100 மில்லிவினாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். பேச்சில் அசைகள் வினாடிக்கு நான்கைந்து விழும். 0.95 வைத்தால் அசைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பேச்சு வெறும் மினுக்கமாகிவிடும். பெருக்காமல் விட்டால் பழுதான டியூப்லைட்டைப் போல் வெட்டி வெட்டி எரியும்.

அடுத்தது வாசல், அதாவது எந்த அளவுக்கு மேல் விளக்கு எரியலாம் என்ற எல்லை. அறையில் ஆட்கள் இருக்க, விசிறி ஓட, ஐந்து வினாடி அமைதியை அளந்து சராசரி எடுங்கள். அதன் மூன்று மடங்கில் திறந்து, இரண்டு மடங்கில் மூடட்டும். இரண்டுக்கும் ஒரே எண் வைத்தால் சொல்லின் கடைசியில் விளக்கு திணறும். மூடும் எண்ணைக் கழித்து, 0-விலிருந்து 1-க்குள் சுருக்கி, அதன் வர்க்கத்தை 255-ஆல் பெருக்கி விளக்குக்குக் கொடுங்கள். வர்க்கம் எடுக்காவிட்டால் கண்ணுக்கு முணுமுணுப்பே பாதி வெளிச்சமாகத் தெரியும், கத்துவதற்கு இடமிருக்காது. பின் 9, 10-இன் துடிப்பை நடத்தும் டைமர் 1-இன் பிரிப்பானை (வேகத்தை வகுக்கும் எண்ணை) 8 ஆக மாற்றினால் மின்னோட்டம் வினாடிக்குச் சுமார் 3,900 முறை துடிக்கும். ஊனோவின் வழக்கமான 490-இல் கைபேசி வீடியோவில் கோடு விழும்.

மூன்று விளக்குகளுக்கு ஐந்து அளவு பழைய மதிப்பைக் கொடுங்கள், அதாவது பத்தில் ஒரு வினாடி தாமதம். இது மாதிரிக்காக நாம் சேர்ப்பது. சிறிய அறையில் தாமதம் இல்லாவிட்டால் ஒன்றிலிருந்து மூன்று பிறப்பது கண்ணில் படாது. முதல் விளக்கு ஒரு வெள்ளை அட்டையை நோக்கட்டும். அட்டைக்கு மேலிருந்து மற்றவை மூன்று சுவர்களுக்கு.

அதிகம் மண்டையை உடைக்கும் கோளாறு: விளக்கு ஒருமுறை எரிந்தால் அணையவே மாட்டேன் என்னும். மைக்கைத் துணியால் மூடி, நிரலில் விளக்கைப் பாதி வெளிச்சத்தில் நிறுத்திவிட்டு எண்ணைப் பாருங்கள். அமைதி எண் 15-லிருந்து 80-க்குத் தாவினால் கிரவுண்டில்தான் கோளாறு. எல்இடியின் மின்னோட்டம் பிரெட்போர்டின் மெல்லிய தடத்தில் மைக்கோடு சேர்ந்து திரும்புகிறது. விளக்கு தன் இரைச்சலையே குரல் என்று கேட்கிறது. மாஸ்ஃபெட்டின் சோர்ஸிலிருந்து தடித்த கம்பியை நேராகப் பவர் சப்ளைக்குக் கொண்டுபோங்கள். ஆர்டுயினோவின் கிரவுண்டை அதோடு ஒரே ஒரு இடத்தில் சேருங்கள். 1000 மைக்ரோஃபாரடை எல்இடி பக்கம் 12 வோல்ட்டின் குறுக்கே வையுங்கள். மைக் கம்பி ஒரு அடியைத் தாண்டினால் ஷீல்டு கேபிள் போடுங்கள்.

த்லாதெலோல்கோவில் யாரும் பேசாதபோது சதுக்கத்தின் விளக்கு அணைந்திருந்தாலும், கட்டட உச்சியின் மூன்று விளக்குகள் ஓய்ந்துவிடவில்லை. உயிர் பிழைத்தவர்களின் பதிவுகளும் பேட்டிகளும் இசையும் அவற்றில் ஓடின. இதற்கு டிஎஃப்பிளேயர் மினி என்ற ஒலிப்பதிவு இயக்கும் சிறு மாட்யூல் ஒன்றும் சிறு ஸ்பீக்கரும் போதும். அதன் ஆர்எக்ஸ் பின்னுக்கு 1 கிலோஓம் போடாவிட்டால் ஸ்பீக்கரில் சலசலப்பு கேட்கும். ஸ்பீக்கரை மைக்கிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தால் பதிவுக்கும் விளக்கு தானே ஆடும். ஆனால் பதிவு ஓடும்போது ஆள் பேசுகிறாரா என்பதை மைக்கால் பிரித்தறிய முடியாது. பேச மெகாபோன் வைத்தால் அதன் விசையையே ஆர்டுயினோவின் பின் 2-இல் இணையுங்கள். அழுத்தினால் பதிவு நிற்கட்டும். விட்டு 60 வினாடி கழித்து மறுபடி தொடங்கட்டும்.