முன்சக்கர டாம்பருக்கு எந்த ஆயில்? சிறு விமானம் கட்டுபவர்களுக்கு ஒரு செய்முறை

ஓடுதளத்தில் வேகம் பிடிக்கும்போதோ இறங்கி ஓடும்போதோ முன்சக்கரம் திடீரென இடமும் வலமுமாக உதறத் தொடங்கும். வினாடிக்குப் பத்து முதல் முப்பது முறை வரை இந்த உதறல் நிகழலாம். பெடல் அதிரும், கருவிகளின் முள்ளைப் படிக்க முடியாது, விட்டுவைத்தால் முன்கால் (முன்சக்கரத்தைத் தாங்கும் கால்) பொருத்தியிருக்கும் இடத்தில் விரிசல் விழும். இந்த உதறலுக்குப் பெயர் ஷிம்மி. கல்யாண மண்டபத்தில் சாம்பார் வாளி ஏற்றிய தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் அதன் முன்சக்கரம் படபடக்குமே, அதே இயற்பியல்தான் இங்கேயும். இந்த அசைவின் ஆற்றலை உறிஞ்சத்தான் ஷிம்மி டாம்பர் இருக்கிறது: ஒரு சிலிண்டர், உள்ளே பிஸ்டன், இருபுறமும் ஆயில்.

உதறல் வந்தவுடன் கெட்டியான ஆயிலாகப் பார்த்து ஊற்றிவிடலாம் என்று பலருக்கும் தோன்றுகிறது. அந்த வேலையை நான் பட்டியலின் கடைசியில் வைக்கிறேன். முன்கால் அமைப்பை வடிவமைத்தவர் ஒரு ஆயிலைக் குறிப்பிட்டிருந்தால் அதுதான் முடிவு. குறிப்பு இல்லாதபோதும், வேறெங்கோ கழற்றிய டாம்பரைப் பொருத்தும்போதும்தான் கீழே உள்ள தேர்வு உங்கள் கைக்கு வருகிறது.

படி 1: ஆட்டத்தை ஒழியுங்கள்

வாலில் மணல் மூட்டை கட்டி மூக்கைத் தூக்குங்கள். டாம்பரைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் பிடித்து அசைத்துப் பாருங்கள். டார்க் லிங்க்கின் (முன்காலின் மேல், கீழ்ப் பகுதிகளை இணைக்கும் மடக்குக் கை) புஷ், அச்சு பேரிங், ஃபோர்க் திரும்பும் இடம், டாம்பரின் இரு முனை போல்ட்டுகள் ஆகியவற்றில் எங்கே ஆட்டம் இருந்தாலும் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உதறல் மிகச் சிறிய அசைவாகத்தான் பிறக்கிறது. அந்த அசைவு புஷ்ஷின் தளர்வுக்குள்ளேயே முடிந்துவிட்டால் டாம்பரின் பிஸ்டன் நகரவே நகராது. நகராத பிஸ்டனுக்குப் பின்னால் எந்த ஆயில் இருந்தும் பயனில்லை. டயரின் காற்றழுத்தம், வட்டம், சமநிலை மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

படி 2: உள்ளே இருப்பது துளையா, இடைவெளியா?

ஆயில் தேர்வு உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது. பெரும்பாலான தொடக்கநிலையாளர்கள் தாண்டிப் போய்விடுவதும் இதைத்தான்.

சில டாம்பர்களில் பிஸ்டனில் ஒரு சிறு துளை இருக்கும். ஆயில் அதன் வழியே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் பாயும். துளை குட்டையாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருந்தால், எதிர்ப்பு விசை ஆயிலின் அடர்த்தியையும் வேகத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. பாகுநிலைக்கு, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மைக்கு, அங்கே பெரிய வேலை இல்லை. அப்படிப்பட்ட டாம்பரில் ஆயிலை மாற்றிவிட்டு, ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று குழம்புவது இயல்புதான். அங்கே மாற்ற வேண்டியது துளை. துளையின் விட்டத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்.

வேறு சில டாம்பர்களில் துளையே இருக்காது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய இடைவெளியில்தான் ஆயில் நெருக்கிக்கொண்டு போகும். சுழலும் தகடு வைத்த டாம்பர்களும் இந்த வகையே. இவற்றில் விசை பாகுநிலைக்கு நேர் விகிதம். இருமடங்கு பாகுநிலை என்றால் இருமடங்கு விசை. ஆனால் அந்த விசை இடைவெளியின் மூன்றாம் படிக்கு எதிர் விகிதமும் ஆகும். தேய்மானத்தால் இடைவெளி இருபது சதவீதம் கூடினாலே விசை நாற்பது சதவீதத்துக்கும் மேல் சரிந்துவிடும். ஆகவே வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் எடுத்து அளந்த பிறகே ஆயில் கடைக்குக் கிளம்புங்கள்.

படி 3: சீல் எதை ஏற்கும்?

ஆயிலின் குடும்பத்தை முடிவு செய்வது ஓ-ரிங்தான், அதாவது கசிவைத் தடுக்கும் வட்ட ரப்பர் சீல். சிறு விமானங்களில் பரவலாக இருப்பது நைட்ரைல் என்ற ரப்பர். அதற்கு மினரல் ஆயில் பொருந்தும். விமான உலகின் வழக்கமான தேர்வு மில்-ஹெச்-5606 என்ற சிவப்பு ஹைட்ராலிக் ஆயில். ஏரோஷெல் ஃப்ளூயிட் 41 இந்த வகை. தீப்பற்றும் அபாயம் குறைந்த மாற்று வேண்டுமானால் 83282 என்ற செயற்கை ஆயில் இருக்கிறது. முன்னதன் தீப்பற்று வெப்பநிலைக்கான குறைந்தபட்ச வரம்பு 82 டிகிரி, பின்னதற்கு 205 டிகிரி.

ஊருக்கு ஊர் எளிதாகக் கிடைக்கிறதே என்று இருசக்கர வாகன பிரேக் ஆயிலை மட்டும் ஊற்றாதீர்கள். டாட் 3, டாட் 4 இரண்டும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் சார்ந்த வகை. நைட்ரைலை ஊதிப் பெருக்க வைக்கும், பெயின்ட்டை உரிக்கும், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பகுதிக் காற்று எவ்வளவு ஈரமாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய விமானங்களின் ஊதா நிற ஹைட்ராலிக் திரவமான ஸ்கைட்ராலும் நைட்ரைலைக் கெடுத்துவிடும்.

நிறத்தை நம்பாதீர்கள். 5606 சிவப்பு, 83282 சிவப்பு, கார் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சிவப்பு. ரப்பரும் அப்படித்தான், நைட்ரைலும் ஈபிடிஎம் என்ற வேறு வகை ரப்பரும் ஒரே கறுப்பு. சந்தேகம் இருந்தால் பழைய சீலைத் தூக்கி எறிந்துவிட்டு, நைட்ரைல் என்று உறுதியாகத் தெரிந்த புதிய ஓ-ரிங் போடுங்கள். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ ஆயில் சீல் கடையில் சில ரூபாய்தான். உபரியாக ஒன்று வாங்கி, நீங்கள் தேர்ந்த ஆயிலில் ஒரு வாரம் ஊறவைத்து முன்னும் பின்னும் அளந்து பார்ப்பது மிக நல்ல பழக்கம்.

படி 4: நம் வெயிலுக்கு ஏற்ற பாகுநிலை

குளிர்நாட்டில் எழுதப்பட்ட அறிவுரைகள் ஆயில் உறைந்து இறுகுவதைப் பற்றியே அதிகம் கவலைப்படும். டெல்டாவில் நமக்கு அந்தக் கவலை இல்லை. மார்கழி விடியலில்கூட இருபது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அக்னி நட்சத்திரத்தில் திருச்சியில் காற்றே நாற்பதைத் தொடும். தார்த் தளம் அறுபதைத் தாண்டும். முன்சக்கர டாம்பர் அந்தத் தளத்துக்குச் சற்று மேலேதான் தொங்குகிறது. எனவே ஆயில் சூட்டில் நீர்த்துப்போன நிலையில் எவ்வளவு எதிர்ப்புத் தரும் என்பதை வைத்தே முடிவெடுங்கள்.

5606 ஆயிலின் பாகுநிலை 40 டிகிரியில் சுமார் 14 சென்டிஸ்டோக்ஸ் (பாகுநிலையின் அலகு), 100 டிகிரியில் சுமார் 5. சாதாரண விஜி 32 ஹைட்ராலிக் ஆயில் 40 டிகிரியில் 32. ஆனால் 100 டிகிரியில் அதுவும் ஐந்தரை அளவுக்கு இறங்கிவிடும். கடையில் கெட்டியாகத் தெரிந்த ஆயில் வெயிலில் அதே கெட்டியோடு இருக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பைக் ஃபோர்க் ஆயில் வாங்குவதானால் டப்பாவின் மேலுள்ள 10, 15 என்ற எண்களை நம்பாமல், தரவுத்தாளில் 40 டிகிரிக்கான சென்டிஸ்டோக்ஸைப் பாருங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும்.

இடைவெளி வகை டாம்பருக்குச் சிலிக்கோன் திரவம் அருமையான தேர்வு. வேண்டிய பாகுநிலையில் கிடைக்கும்; சூட்டில் அதிகம் மெலியாது; நைட்ரைலோடும் ஒத்துப்போகும். சிலிக்கோன் ரப்பர் சீலோடு மட்டும் சேராது. எஃகின் மேல் எஃகு உரசும் இடத்தில் வழுவழுப்புக் குறைவு. பெயின்ட் அடிக்கும் இடத்தின் அருகே அதைத் திறக்கவே கூடாது. ஒரு துளி பட்டாலும் பெயின்ட் குழி குழியாக விலகும்.

படி 5: காற்றில்லாமல் நிரப்புதல்

டாம்பரை ஆயிலுக்குள் மூழ்கவைத்துத் தண்டை மெதுவாக முழு நீளத்துக்கும் இழுத்துத் தள்ளுங்கள். குமிழ் வருவது நிற்கும்வரை விடாதீர்கள். உள்ளே காற்று தங்கினால் திசை மாறும் இடத்தில் ஒரு வெற்று நொடி உண்டாகும். உதறலுக்கு அதுவே போதும். மினரல் ஆயில் 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குப் போனால் சுமார் இரண்டரை சதவீதம் விரியும், சிலிக்கோன் அதைவிட அதிகம். விரிவுக்கு இடம் வைக்காத டாம்பரை விடியற்காலைக் குளிரில் முழுக்க நிரப்பி மூடினால் மதியம் சீல் வழியே கசியும்.

படி 6: சோதனை

டாம்பரைச் செங்குத்தாகப் பிடித்து, தண்டில் தெரிந்த எடையைத் தொங்கவிட்டு, முழு நீளம் இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். காலையில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை. இரண்டு ஆயில்களை ஒப்பிட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியாது.

பிறகு விமானத்தில் பொருத்தி டாக்ஸி ஓட்டம், அதாவது தரையிலேயே ஓட்டிப் பார்ப்பது. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உதறல் தொடங்கினால் த்ராட்டிலை மூடி, ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து முன்சக்கரத்தின் சுமையைக் குறையுங்கள். பிரேக்கை அழுத்தினால் மூக்கு கீழே அழுந்தி உதறல் கூடும். மறுபுறம், சக்கரத்தை மெதுவாகத் திருப்பும்போதே இறுக்கமாக இருந்தால் ஆயில் அளவுக்கு மீறிக் கெட்டி. ஸ்டியரிங் கனக்கும், டாம்பரைத் தாங்கும் பிராக்கெட் தேவையில்லாத சுமை ஏற்கும்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் விமானத்தை நிறுத்துபவர்கள் டாம்பர் தண்டை அடிக்கடி துடையுங்கள். உப்புக்காற்றில் தண்டில் விழும் சிறு குழிகள் சீலை அறுக்கும். அறுவடைக் காலத்து வைக்கோல் தூசும் ஈரமான தண்டில் ஒட்டி அதே கேட்டைச் செய்யும்.

ஊற்றிய ஆயிலின் பெயரையும் தேதியையும் டாம்பரின் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். குறைந்தால் அதே ஆயிலையே சேர்க்க வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்று தெரியாத டாம்பர் கைக்கு வந்தால், முழுக்க வடித்து, கழுவி, சீல் மாற்றி, இரண்டாம் படியிலிருந்து தொடங்குங்கள்.