சிறு அளவு கஞ்சா வழக்கு: தண்டனைக்குப் பதில் சிகிச்சை கேட்பது எப்படி?

வீட்டுப் பிள்ளை பொட்டலத்தோடு பிடிபட்டால், "ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிடுங்கள், முடிந்தது" என்று யாராவது சொல்வார்கள். முடியாது. அது தண்டனைத் தீர்ப்பு, பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 1985ஆம் ஆண்டு என்டிபிஎஸ் சட்டத்தில் (போதைப்பொருள் தடுப்புச் சட்டம்) 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு. கேட்காமல் கிடைக்காது.

முதலில் எஃப்ஐஆரில் எடையைப் பாருங்கள். கஞ்சா 1 கிலோ, சரஸ் (கஞ்சாப் பிசின்) 100 கிராம், ஹெராயின் 5 கிராம்: இவற்றுக்குக் குறைவானதே 'சிறு அளவு'. கஞ்சா என்றால் பிரிவு 20(பி)(ii)(ஏ) அல்லது, உட்கொண்டதற்கான 27 என்றிருக்க வேண்டும். கடைசி எழுத்து 'பி' என்றால் சிறு அளவைத் தாண்டியது, 64ஏ இல்லை. ஹெராயினில் கலப்பட மாவும் எடையில் சேரும்; 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அது. கஞ்சாவில் பூநுனி இல்லாத வெறும் இலையும் விதையும் கணக்கில் வராது. எடை எல்லையை ஒட்டி இருந்தால் வழக்கறிஞர் ஆய்வக அறிக்கையை இதற்காகவே படிக்க வேண்டும்.

அடுத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. தனியார் மையமென்றால் அரசு அங்கீகாரச் சான்றின் நகலை முன்பே வாங்குங்கள்; அது இல்லாமல் 64ஏ கேட்டு நீதிமன்றத்தில் போடும் மனு நிற்காது. 'போதைக்கு அடிமை' என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். எப்போதாவது இழுப்பவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. குறைவாக இழுத்தவருக்குத் தண்டனை, அதிகம் இழுத்தவருக்குச் சிகிச்சை, சட்டத்தின் விநோதம்தான்.

மனுவில் பிடிபட்டவரே கையெழுத்திட வேண்டும். அம்மாவின் கையெழுத்து போதாது. எஃப்ஐஆர் நகல், சேர்க்கைச் சீட்டு, மருத்துவச் சான்று மூன்றையும் இணையுங்கள். சிறையில் இருப்பவருக்கு முதலில் ஜாமீன் மனு; 37ஆம் பிரிவின் கடும் நிபந்தனைகள் சிறு அளவுக்கு இல்லை.

காரியம் கெடுவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். பத்து நாளில் உடம்பு தேறியதும் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். சிகிச்சையை முழுதாக முடிக்காவிட்டால் விலக்கு ரத்தாகலாம். ஓபி சீட்டுகளைத் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். ஹெராயின் பழக்கமென்றால் இன்னும் ஆபத்து: இடைவெளியில் உடம்பின் தாங்கும் திறன் இறங்கிவிடும், பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகும். ஹெராயின் ஏக்கத்தை அடக்கத் தரும் புப்ரெனார்பின் மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள்.

64ஏ கைநழுவி, குற்றம் உறுதியாகிவிட்டாலும் தண்டனை சொல்லும் முன் 39ஆம் பிரிவைக் கேளுங்கள். பிணைப்பத்திரம் எழுதிக்கொடுத்துச் சிகிச்சைக்குப் போகலாம். ஓராண்டுக்குள் பலனை நீதிமன்றத்தில் தெரிவிக்க வேண்டும். எங்கே சேர்ப்பது என்று தெரியாவிட்டால் 14446, கட்டணமில்லை.