முதுகுவலிக்காரரை இழுத்துத் தூக்க வேண்டாம்
ஆபரேஷனுக்குப் பிறகும் முதுகுவலி விடாத அப்பாவோ அம்மாவோ படுக்கையிலிருந்து எழும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கிக்கொண்டே, மேலே இருக்கும் கையை மெத்தையில் ஊன்றி எழட்டும். இறங்கும் கால்களின் எடையே உடம்பை நிமிர்த்த உதவும், முதுகும் முறுக்கிக்கொள்ளாது. படுக்கும்போது இதையே தலைகீழாகச் செய்யலாம்.

குழிந்துபோன மெத்தையில் இது சரிவராது, கை ஊன்ற இடமே கிடைக்காது. தோள்வலியும் இருந்தால், வலியில்லாத தோள் கீழே வரும்படி திரும்ப வேண்டும். காலில் புதிதாகப் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க முடியாமை என எது வந்தாலும் உடனே மருத்துவமனைதான்.