சென்னையில டிசைன், புரோட்டோடைப் வேலை தேடுறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெஸ்யூமேல ஸ்பெல்லிங் மிஸ்டேக், இன்டர்வியூக்கு லேட்டா போறது, இதையெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா அம்பத்தூர்ல எங்க ஒர்க்‌ஷாப்புக்கு வேலை கேட்டு வர்ற பசங்க, எங்க செட்டு ஆளுங்க அப்ப பண்ணின அதே தப்ப இப்பவும் பண்றாங்க, அதான் எழுதுறேன்.

"டிசைனர்"னு மட்டும் தேடுறது

வேலை வேற பேர்ல இருக்கு. டூல் டிசைன், ஜிக்ஸ் அண்ட் ஃபிக்சர் (பார்ட்ட அசையாம பிடிக்கிற அமைப்புங்க), என்பிடி (நியூ புராடக்ட் டெவலப்மென்ட்), பேட்டர்ன் மேக்கிங் (வார்ப்புக்கு மாதிரி செய்றது)னு போட்டு தேடுங்க. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய், ஒரகடம் ரெனோ மாதிரி பெரிய கம்பெனிய மட்டும் பாக்காம, அவங்களுக்கு பார்ட்ஸ் பண்ற அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம் பக்கம் இருக்க சின்ன யூனிட்டுங்களையும் பாருங்க.

சாஃப்ட்வேர் சர்ட்டிஃபிகேட்ட வேலைன்னு நினைக்கிறது

இதுதான் எனக்கு இன்னிக்கும் ஆத்திரம் வர்ற விஷயம். சமீபத்துல மெக்கானிக்கல் முடிச்ச ஒரு தம்பி வந்தான், கேட் (CAD, கம்ப்யூட்டர்ல டிசைன் வரையிறது) கோர்ஸுக்கு வீட்ல கடன் வாங்கி கட்டியிருக்காங்க, "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்"னு சொல்லி சேத்துருக்காங்க. போர்ட்ஃபோலியோவ திறந்தா ஒரு ஏபிஎஸ் பிளாஸ்டிக் கவர், ரெண்டர், அதான் ஃபோட்டோ மாதிரி கம்ப்யூட்டர் படம், அவ்ளோ அழகு. "இது மோல்டுல (பிளாஸ்டிக்க உருக்கி ஊத்துற ஸ்டீல் அச்சு) இருந்து எப்படி தம்பி வெளிய வரும்"னு கேட்டேன். "சார்?"னு முழிக்கிறான். சுவர் எல்லாம் நேர் செங்குத்து, அச்சுல இருந்து கழண்டு வர்றதுக்கான சாய்வு, அதான் டிராஃப்ட், ஒரு டிகிரி கூட இல்ல. ரிப்பு (உள்பக்கம் பலத்துக்கு வைக்கிற பட்டை) சுவர் அளவுக்கே தடிமன், அதுல பாதிக்கு கொஞ்சம் மேல இருந்தா போதும், இல்லன்னா முன்பக்கம் சிங்க் மார்க், அதான் குழி, விழும். இது அப்படியே மோல்டு செய்ற டூல் ரூமுக்குப் போய் ஸ்டீல வெட்டிட்டாங்கன்னு வைங்க, ரிப்ப மெலிசாக்கணும்னா மோல்டுல ஸ்டீல திரும்ப சேக்கணும், அதாவது வெல்டிங் அடிக்கணும், இல்ல இன்சர்ட் (தனி ஸ்டீல் துண்டு) போடணும், வெட்டி எடுக்கிறது ஈஸி, சேக்கிறது அப்படியில்ல, காசும் போகும் நாளும் போகும்.

தம்பி மேல எனக்கு கோவம் இல்ல. அவன் கோர்ஸ்ல ஒரு தடவ கூட ஒரு பார்ட்ட கையில குடுக்கல, அதுதான் கோவம். அழகா ரெண்டர் எடுக்கிறத இப்ப ஏஐயே பண்ணிடுது, அத மட்டும் நம்பி வர்றவங்களுக்கு இனி கஷ்டம்தான்னு நான் நினைக்கிறேன். பார்ட் எப்படி உருவாகுதுன்னு தெரிஞ்சவனுக்கு இந்த ஊர்ல எப்பவும் வேலை இருக்கும்.

கோர்ஸுக்கு முன்னாடி இத பண்ணுங்க: பழைய மிக்ஸியோ சுவிட்ச் பாக்ஸோ ஒண்ண கழட்டி, வெர்னியர் வெச்சு அளந்து, கேட்ல வரைஞ்சு, த்ரீடி பிரின்ட் எடுத்து திரும்ப மாட்டிப் பாருங்க. மாட்டாது. ஏன் மாட்டலன்னு எழுதி, அந்த ஃபோட்டோவ போர்ட்ஃபோலியோல வைங்க, நான் அததான் முதல்ல பாப்பேன். முறையா படிக்கணும்னா பிளாஸ்டிக், மோல்டுக்கு கிண்டியில சிப்பெட்னு மத்திய அரசோட பிளாஸ்டிக் இன்ஸ்டிட்யூட் இருக்கு, அங்க விசாரிங்க.

ஒரே கார் கம்பெனிய நம்பி இருக்கிறது

மறைமலை நகர் ஃபோர்டு 2021ல மூடப் போறோம்னு அறிவிச்சப்ப அவங்கள மட்டும் நம்பி இருந்த சப்ளையருங்க என்ன பாடு பட்டாங்கன்னு இந்த லைன்ல இருக்கவங்களுக்கு தெரியும். ஆட்டோமொபைலோட மெடிக்கல், எலக்ட்ரானிக்ஸ், ஸ்பேஸ் எல்லாத்துலயும் ஒரு கண்ணு வைங்க. ஐஐடி மெட்ராஸ்ல வளந்த அக்னிகுல்ங்கிற ராக்கெட் கம்பெனி 2024 மே மாசம் த்ரீடி பிரின்ட் பண்ணின இன்ஜினோட ராக்கெட் விட்டாங்க, மெட்டல் பிரின்டிங் தெரிஞ்சா அந்தப் பக்கமும் கதவு தட்டலாம்.

பிவிசி ஷீட்ட லேசர் கட்டிங் மெஷின்ல போடுறது

பில்டிங் மாடல் பண்றவங்களே, வேண்டாம். சூட்டுல ஆசிட் புகை வரும், மெஷினும் போச்சு நுரையீரலும் போச்சு.

எஸ்டிஎல் மட்டும் அனுப்புறது

எஸ்டிஎல் த்ரீடி பிரின்ட்டுக்கு எடுக்கிற ஃபைல், அத கேட்ல திருத்துறது கஷ்டம், அதனால திருத்த வசதியான ஸ்டெப் ஃபைலும் சேத்து அனுப்புங்க.

சம்பளத்த மட்டும் பாத்து சேருறது

முதல் வேலைல ரெண்டாயிரம் கம்மின்னாலும் பரவால்ல, ஷாப் ஃப்ளோர்ல விடுறாங்களான்னு பாருங்க. ஏசி ரூம்ல டிராயிங் திருத்துறது மட்டும்தான் வேலைன்னா ரெண்டு வருஷம் கழிச்சும் அதே இடத்துலதான் இருப்பீங்க. இன்டர்வியூலயே கேட்டுடுங்க, "மெஷின் பக்கத்துல நிக்க விடுவீங்களா சார்"ன்னு.