எல்லா வாக்கியமும் ‘நான்’ என்று தொடங்கினால்: கட்டுரை நோட்டைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு

ஆறாம், ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளில் அடிக்கடி கண்ணில் படுகிற மாதிரி பத்தி:

“நான் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். நான் அம்மாவுடன் போனேன். நான் காய்கறிகளைப் பார்த்தேன். அங்கே ஒரு பாட்டி இருந்தார். அவர் கீரை விற்றார். அவர் என்னைக் கூப்பிட்டார். நான் கீரை வாங்கினேன்.”

சிவப்பு மைக்கு இங்கே வேலையே இல்லை. பிழை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் வாய்விட்டுப் படித்தால் தறி ஓடுகிற சத்தம்தான் கேட்கும். ‘இன்னும் நன்றாக எழுது’ என்று ஓரத்தில் குறிப்பதால் இது மாறாது. எது திரும்பத் திரும்ப வருகிறது என்பது மாணவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அதற்கு ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று பத்தியைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். முதல் சொல்லுக்கு அடிக்கோடு, கடைசிச் சொல்லுக்கு வட்டம், ஓரத்தில் சொற்களின் எண்ணிக்கை. மேலே உள்ள பத்திக்கு 4, 3, 3, 4, 3, 3, 3 என்று வரும்; ‘நான்’ நான்கு முறை அடிக்கோடு வாங்கும். தொடர்ந்து மூன்று வரி ஒரே மாதிரி தொடங்கினாலோ முடிந்தாலோ, அதில் ஒன்றையாவது மாற்ற வேண்டும். விதி அவ்வளவுதான்.

முதலில் ‘நான்’களை அடிக்கலாம். ‘போனேன்’ என்பதன் விகுதியிலேயே ‘நான்’ இருக்கிறது. எழுவாயை விட்டுவிட்டாலும் பொருள் கெடாது என்பது தமிழ் நமக்குத் தந்திருக்கும் வசதி. மாணவர்கள் பேச்சில் தாராளமாகப் பயன்படுத்துவார்கள், எழுதும்போது மட்டும் மறந்துவிடுவார்கள். அடுத்தது, எச்சங்களால், அதாவது ‘போய்’, ‘விற்ற’ போன்ற முற்றுப்பெறாத வினைகளால் கோப்பது. இப்படி:

“ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் சந்தைக்குப் போனபோது கீரை விற்றுக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் என்னைக் கூப்பிட்டார். ஒரு கட்டு வாங்கினேன்.”

10 சொல், பிறகு 3 சொல். நீண்டதை அடுத்து வருவதால்தான் குட்டி வாக்கியத்துக்கு அழுத்தம் கிடைக்கிறது. ‘காய்கறிகளைப் பார்த்தேன்’ தானாகவே உதிர்ந்துவிட்டதையும் காட்டுங்கள். சந்தைக்குப் போனவர் காய்கறியைப் பார்க்காமலா வருவார்?

கோக்கத் தொடங்கியதும் புதிய பிழைகள் வரும். “நான் வீட்டுக்கு வந்து அம்மா சோறு போட்டார்” என்று எழுதுவார்கள். ‘வந்து’, ‘எழுந்து’ போன்ற வினையெச்சங்களுக்கும் முடிக்கும் வினைக்கும் பொதுவாக ஒரே எழுவாய் வேண்டும். ஆள் மாறினால் ‘வந்ததும்’, ‘வந்தபோது’ என்று எழுத வேண்டும். (‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று கெட்டிக்கார மாணவர் ஒருவர் மடக்குவார். அங்கே முதல் செயல் இரண்டாவதற்குக் காரணம், அதனால் பொருந்துகிறது.)

பெயரெச்சத்தில் வேறு சிக்கல். “கீரை விற்ற பாட்டியின் பேரன்” என்றால் விற்றது பாட்டியா, பேரனா? இப்படி ஐயம் வந்தால் கோத்ததை அவிழ்த்து இரண்டு வாக்கியமாக்குவதே மேல்.

சந்தியையும் கவனிக்கச் சொல்லுங்கள்: ‘எழுந்து பல் தேய்த்துச் சந்தைக்குப் போனேன்’ என்பதில் ‘தேய்த்து’க்குப் பின் ‘ச்’ வரும், ‘எழுந்து’க்குப் பின் ‘ப்’ வராது. எச்சங்கள் மூன்றைத் தாண்டினால் ஒரே மூச்சில் படிக்க முடியாது. அங்கே முற்றுப்புள்ளி வைக்க வேண்டும்.

சொல் வரிசையை மாற்றுவதும் நல்ல உத்தி, ஆனால் காரணம் இருந்தால் மட்டும். ‘அம்மா முருங்கைக்காய் வாங்கினார்’ என்பது வெறும் செய்தி. ‘முருங்கைக்காய் வாங்கியவர் அம்மா’ என்றால் ‘யார் வாங்கியது?’ என்ற கேள்வி முன்பே எழுந்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தடுத்துவிடுங்கள். இலக்கண வகுப்பில் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றப் பழகியவர்கள், ‘கீரை என்னால் வாங்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு வாக்கியம் மாறிவிட்டது என்பார்கள். வாங்கியவர் முன்னாலேயே நிற்கும்போது ‘வாங்கப்பட்டது’ எதற்கு? ‘மேலும்’, ‘ஆகையால்’ என்று வாக்கியத்துக்கு வாக்கியம் ஒட்டுவதும் இதே கதைதான்.

ஒரு வாரத்துக்கு ஓர் உத்தி போதும். அந்த வாரம் அதை மட்டும் திருத்துங்கள். மற்றவற்றைக் கண்டும் காணாமல் விடுங்கள். பழைய கட்டுரையிலிருந்தே ஏழெட்டு வாக்கியம் எடுத்துக்கொண்டால் 15 நிமிடத்தில் முடியும், வீட்டுப்பாடமும் வேண்டாம்.