லேப் அனுபவம் இல்லாமல் கோடை ஆய்வுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

விழுப்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு, இப்போது பெங்களூரில் பிஎச்.டி. செய்கிறேன். ஊரிலிருந்து போன் செய்யும் பிள்ளைகள் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "அக்கா, எனக்கு எந்த அனுபவமும் இல்லையே, எடுப்பாங்களா?" எடுப்பார்கள். கோடை விடுமுறையில் மாணவர்களை ஆய்வகத்தில் சேர்த்து, லேப் என்றால் என்னவென்று காட்டுவதற்குத்தான் இந்தக் கோடை ஆய்வுத் திட்டங்களே.

1. எங்கே விண்ணப்பிப்பது

சி.வி.ராமன் 1934-இல் பெங்களூரில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, டெல்லியிலும் பிரயாக்ராஜிலும் உள்ள மற்ற இரண்டு அகாடமிகளோடு சேர்ந்து கோடை ஆய்வு ஃபெலோஷிப் தருகிறது. தேர்வானால் நாட்டின் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இரண்டு மாதம் வேலை. பெங்களூர் ஜக்கூரில் இருக்கும் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும் தனியாக ஒரு திட்டம் நடத்துகிறது. கோடைக்குத்தானே என்று மார்ச் வரை இருந்துவிடாதீர்கள். தீபாவளி வந்தாலே இணையதளங்களைப் பார்க்கத் தொடங்குங்கள். எந்த வருட மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பது அறிவிப்பிலேயே இருக்கும்.

2. விண்ணப்பத்தில் என்ன எழுதுவது

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இதுதான். "சிறு வயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்" என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதை விட்டுவிடுங்கள். உங்கள் ரெக்கார்டு நோட்டை எடுத்துப் புரட்டுங்கள்.

போன வருடம் ஒரு தங்கைக்கு உதவினேன். "நான் எதுவுமே செய்ததில்லை அக்கா" என்றாள். பேசப் பேசத்தான் தெரிந்தது: டைட்ரேஷனில் (ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவை அளப்பது) முதல் ரீடிங் மட்டும் கூடுதலாக வந்திருக்கிறது. பக்கத்து மேசை அளவைப் பார்த்து எழுதாமல், மறுபடி செய்து பார்த்திருக்கிறாள். கரைசலை ஊற்றும் பியூரெட் குழாயின் நுனியில் இருந்த காற்றுக் குமிழி நடுவில் வெளியேறியதுதான் காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறாள். ஆய்வு என்பது இதுதானே! அதை அப்படியே நான்கு வரியில் எழுதச் சொன்னேன்.

3. பரிந்துரைக் கடிதம்

பெரிய பதவியில் இருப்பவரைத் தேடிப் போகாதீர்கள். பிராக்டிகலில் உங்களைப் பக்கத்தில் நின்று பார்த்த ஆசிரியர் போதும். கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பே கேளுங்கள். மதிப்பெண் பட்டியலையும் நீங்கள் எழுதியதையும் கையில் கொடுத்துவிடுங்கள்.

4. பேராசிரியருக்கு நேரடி மெயில்

திட்டங்களை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். நான் இரண்டாம் வருடத்தில் நாற்பது பேருக்கு ஒரே மெயிலைப் பெயர் மாற்றி அனுப்பினேன். ஒரு பதிலும் வரவில்லை. அடுத்த முறை ஆறு பேரைத்தான் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொருவரின் சமீபத்திய கட்டுரை ஒன்றைப் படித்தேன். இயற்பியல் என்றால் ஆர்கைவ் (arXiv), உயிரியல் என்றால் பயோஆர்கைவ் (bioRxiv) தளத்தில் பல கட்டுரைகள் இலவசமாகக் கிடைக்கும். முழுதாகப் புரியாது, பயப்படாதீர்கள். கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கும் சுருக்கத்தையும் படங்களையும் இரண்டு மூன்று முறை பாருங்கள், ஒரு கேள்வியாவது எழும்.

மெயில் இவ்வளவுதான் (ஆங்கிலத்தில் எழுதுங்கள்):

"நான் இன்ன கல்லூரியில் இரண்டாம் வருட மாணவி. உங்கள் இந்தக் கட்டுரையின் மூன்றாவது படத்தில், வெப்பநிலை கூடும்போது வினை ஏன் மெதுவாகிறது என்பது எனக்குப் புரியவில்லை. மே 20 முதல் ஜூலை 15 வரை உங்கள் லேபில் வேலை கற்றுக்கொள்ள முடியுமா? சி.வி. இணைத்துள்ளேன்."

சி.வி. ஒரே பக்கம், பி.டி.எஃப். வடிவில். பத்து நாளாகியும் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அது தவறே இல்லை.

5. ஒப்புக்கொண்ட பிறகு

தங்கும் இடம், உதவித்தொகை இரண்டையும் தயங்காமல் கேளுங்கள். நேரடியாகச் சேர்பவர்களுக்குப் பல இடங்களில் இவை கிடைக்காது. பெங்களூரில் இரண்டு மாத பி.ஜி. வாடகை, சாப்பாட்டுச் செலவையெல்லாம் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நீங்கள் அங்கே படிப்பதை உறுதிசெய்யும் போனஃபைட் சான்றிதழைக் கல்லூரியிலிருந்து வாங்கி வையுங்கள். செமஸ்டர் தேர்வு தள்ளிப்போனால், தெரிந்த அன்றைக்கே பேராசிரியருக்கு எழுதிவிடுங்கள்.