மீட்புக் கதையை வாசிக்கும் முறை: வனவிலங்கு அமைப்புகளின் சொல்வன்மை

வனவிலங்கு மீட்பு அமைப்பு ஒன்றின் நன்கொடை வேண்டுகோளைப் பார்ப்பவர்களில் ஒரு சாரார் கண் கலங்கி உடனே பணம் அனுப்புகிறார்கள். மற்றொரு சாரார் இதெல்லாம் வசூல் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரு சாராருமே அந்த வேண்டுகோளை வாசிப்பதில்லை. அது யாரைப் பேச வைக்கிறது, எதைப் படத்துக்கு வெளியே தள்ளுகிறது, எந்த இடத்தில் கதையை முடிக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவருக்கு அந்த அமைப்பு தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறது என்பது விளங்கும். தன் பணம் உண்மையில் எதற்குப் போகிறது என்பதையும் அவரால் கணிக்க முடியும். இந்த வழிகாட்டி அத்தகைய வாசிப்புக்கானது. இந்தியாவில் 1995 முதல் இயங்கிவரும் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ், கென்யாவில் 1977-இல் தொடங்கப்பட்ட ஷெல்ட்ரிக் வனவிலங்கு அறக்கட்டளை ஆகிய இரண்டையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இரண்டும் மெய்யாகவே களத்தில் வேலை செய்பவை, இரண்டும் சொல்வன்மையில் தேர்ந்தவை. முன்னதன் பெயரிலேயே நடுக்கடலில் தத்தளிக்கும் கப்பலின் அபயக் குரல் இருக்கிறது.

மெய்ப்பாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

வேண்டுகோளை ஒரு முறை வேகமாகப் படித்துவிட்டு, எந்த வரியில் உங்களுக்கு என்ன உணர்ச்சி எழுந்தது என்று ஓரத்தில் எழுதுங்கள். இதற்கு மேலைநாட்டுப் பேச்சுக்கலை நூல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் வகைகளாகத் தொல்காப்பியம் வகுத்த எட்டு மெய்ப்பாடுகளே போதுமானவை. அழுகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கைக் கூறுகிறார். பிறர் இகழ எளியராதல், உரியதை இழத்தல், முன்னிருந்த நிலையிலிருந்து தாழ்தல், இல்லாமை என்று இவற்றுக்குப் பொருள் கொள்ளலாம்.

2014 ஜூலையில் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் உத்தரப் பிரதேசத்தில் மீட்ட ராஜு என்ற யானையின் கதையை இந்த நான்கோடு பொருத்திப் பாருங்கள். குட்டியிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அமைப்பு கூறியது, அது இழவு. தெருவில் வருவோர் போவோரிடம் கையேந்த வைக்கப்பட்டது, அது இளிவு. காட்டை ஆள வேண்டிய பேருயிர் முள் பதித்த சங்கிலியில் ஐம்பது ஆண்டுகள் கட்டுண்டு கிடந்தது, அது அசைவு. பசிக்குக் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் தின்றது, அது வறுமை. நான்கு நிலைக்களன்களும் ஒரே விலங்கின் மேல், ஒரு சிறிய செய்திக்குள் அடுக்கப்பட்டன. அதன் பின் அந்த யானையை வைத்திருந்தவர் மீது வெகுளியும், சங்கிலி அறுபடும் காட்சியில் உவகையும், அந்த மீட்பில் தானும் பங்கு கொள்ளலாம் என்ற பெருமிதமும் வரிசையாக வந்தன. இந்த வரிசை தற்செயலானது அன்று. அழுகையிலேயே நின்றுவிடும் வேண்டுகோள் வாசகரைச் சோர்வடையச் செய்யும். வெகுளியில் நின்றால் அவர் திட்டிவிட்டுப் போய்விடுவார். உவகைக்கு ஒரு படி முன்னால் நன்கொடைப் பொத்தானை வைக்கும்போதுதான் கை அசைகிறது.

ராஜுவின் கதை உலகெங்கும் பரவியதற்கு முக்கியக் காரணம் அது விடுதலையின்போது அழுதது என்ற செய்தி. இங்கே வாசகர் உடற்கூற்றைச் சற்று நினைவில் கொள்ள வேண்டும். மனிதருக்குக் கண்ணீரைக் கண்ணிலிருந்து மூக்குக்குள் வடிக்கும் ஒரு நாளம் இருக்கிறது; யானைக்கு அது இல்லை. ஆகவே கண்ணை ஈரமாக வைத்திருக்கும் நீர் யானையின் கன்னத்தில் வழிந்துகொண்டிருப்பது அன்றாட நிகழ்ச்சி. யானைக்குத் துயரம் இல்லை என்று இதனால் ஆகிவிடாது. கூர்ந்த சமூக உணர்வும் நினைவாற்றலும் கொண்ட விலங்கு அது. ஆனால் கன்னத்தில் வழிந்த நீரை நன்றிக் கண்ணீராக்கியவர்கள் மனிதர்கள். ஒரு விலங்கு நன்றி சொன்னது, மன்னித்தது, நம்பியது என்றெல்லாம் எழுதப்பட்டிருக்கும் இடங்களை அடிக்கோடிட்டு, அங்கே உண்மையில் கண்ணால் காணப்பட்டது என்ன என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அவ்வாறு எழுதிய பின்னும் கதை வலுவாக நின்றால், அந்த அமைப்பின் வேலை வலுவானது என்று கொள்ளலாம். சங்கிலி ஏற்படுத்திய புண்கள் நிற்கின்றன. அவற்றுக்குக் கண்ணீரின் துணை தேவையில்லை.

வினைக்கு எழுவாய் யார்?

அடுத்து ‘மீட்டோம்’ என்ற சொல்லின் மேல் விரலை வையுங்கள். தமிழில் வினைமுற்றே எழுவாயை உணர்த்திவிடுவதால், யார் என்ற கேள்வி எழாமலேயே போய்விடும். இந்தியாவில் வளர்ப்பு யானை ஒன்றைக் கைப்பற்றும் அதிகாரம் தன்னார்வ அமைப்புக்குக் கிடையாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி அந்த அதிகாரம் வனத்துறையிடமும் நீதிமன்றத்திடமும் இருக்கிறது. ராஜுவை மீட்ட இரவில் வனத்துறையினரும் காவலர்களும் உடன் இருந்தார்கள். நேர்மையான அறிக்கை இவர்களைக் குறிப்பிடும். ஆயினும் அறிக்கையில் இருப்பவர்கள் காணொளியில் இல்லாமல் போவதும், காணொளியில் இருப்பவர்கள் நன்கொடைக் கடிதத்தில் மறைந்துவிடுவதும் வழக்கம். அமைப்பு வெளியிடும் மூன்று வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரசு எந்த இடத்தில் கழன்று விழுகிறது என்று பாருங்கள்.

இதைவிட முக்கியமானது, விலங்கை வைத்திருந்தவர் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார் என்பது. ஓர் அமைப்பை எடைபோட எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த அளவுகோல் இதுதான். வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ்ஸின் வரலாற்றில் இரண்டு வேறு கதை வடிவங்கள் இருப்பதைக் கவனியுங்கள். கரடியாட்டம் கலந்தர் சமூகத்தவரின் வழிவழித் தொழில். தாயிடமிருந்து பிடித்துவந்த குட்டியின் மூஞ்சியைச் சூடேற்றிய ஊசியால் மயக்க மருந்தின்றித் துளைத்து அதில் கயிறு கோப்பார்கள். கோரைப் பற்களைத் தட்டி உடைப்பார்கள். இதைவிடக் கொடிய ஒரு தொடக்கம் எந்த வேண்டுகோளுக்கும் கிடைக்காது. கலந்தர்களை வில்லன்களாக்கிவிட்டு நிறுத்தியிருந்தால் பணம் இன்னும் எளிதாகவே வந்திருக்கும். ஆனால் கரடியைப் பறித்துவிட்டு மனிதரைத் தெருவில் விட்டால், அவர் மறுநாளே வேறொரு குட்டிக்கு வேட்டைக்காரரிடம் முன்பணம் கொடுப்பார். எனவே மாற்றுத் தொழிலுக்கு முதலீடு, பெண்களுக்குக் கைத்தொழில், பிள்ளைகளுக்குப் பள்ளிப்படிப்பு ஆகியவற்றைக் கரடியை ஒப்படைப்பதோடு சேர்த்து அமைப்பு வழங்கியது. இந்தத் திட்டம் அதன் பேச்சையும் மாற்றியது. கொடுமைக்காரராகத் தொடங்கிய கலந்தர், கதை முடியும்போது பயனாளியாகவும் பங்காளியாகவும் நிற்கிறார். வறுமை என்ற நிலைக்களன் இங்கே கரடிக்கு மட்டுமன்றி மனிதருக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

ராஜு யானையின் கதையில் இந்த இடமாற்றம் நிகழவில்லை. அதை வைத்திருந்தவர் கடைசிவரை கொடியவராகவே இருக்கிறார். ஒரே அமைப்பு இரண்டு விதமாகப் பேசுவதற்குக் காரணம் களத்தில் இருக்கிறது. பல நூறு கரடிகளை ஒரு சமூகத்தின் ஒத்துழைப்பு இன்றி வெளிக்கொணர முடியாது. ஒற்றை யானையை நீதிமன்ற ஆணையோடு கொண்டுவந்துவிடலாம். ஆகவே ஒரு வேண்டுகோளில் கொடியவர் தனிமனிதராகவும் முகமற்றவராகவும் இருந்தால், அந்தத் தொழிலில் வாழும் மற்றவர்களோடு அமைப்பு என்ன பேச்சுவார்த்தை நடத்துகிறது என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால், அடுத்த விலங்குக்கும் இதே கடிதம் வரும்.

பெரிய சொற்களை அளந்து பாருங்கள்

‘விடுதலை’ என்ற சொல் ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு பொருளில் வருகிறது. ஷெல்ட்ரிக் அறக்கட்டளை தாயிழந்த யானைக்குட்டிகளை நைரோபியில் பாலூட்டி வளர்த்து, பிறகு சாவோ தேசியப் பூங்காப் பகுதிக்குக் கொண்டுபோய், காட்டுக் கூட்டங்களோடு அவை மெல்ல மெல்லக் கலக்கும் வரை பல ஆண்டுகள் காத்திருக்கிறது. அங்கு வளர்ந்த யானைகள் காட்டில் குட்டி ஈன்றிருக்கின்றன. ஆக்ராவில் வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ்ஸின் மீட்பு மையத்தில் இருக்கும் கரடிக்கு அந்த வாய்ப்பு இல்லை. பற்கள் உடைபட்டு, தாயிடம் இரைதேடக் கற்காத விலங்கு காட்டில் பிழைக்காது. மதுராவில் அதே அமைப்பு பராமரிக்கும் யானைகளுக்கும் விடுதலை என்பது சங்கிலியும் சவாரியும் அங்குசமும் இல்லாத, மருத்துவரின் கண்பார்வையில் கழியும் முதுமைதான். அது சிறிய கொடை இல்லை. ஆனால் காடு இல்லை. வேலிக்குள் வாழும் விலங்கைக் காட்டில் திரிவதுபோல் படம் பிடித்திருந்தால், அந்தப் படத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துக் கேள்வி எழுப்புங்கள்.

‘கடைசி’, ‘முதல்’ ஆகிய சொற்களுக்கு எல்லை தேடுங்கள். இந்தியாவின் கடைசி ஆட்டக் கரடி என்று 2009 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட கரடியின் பெயரும் ராஜுதான். (மீட்பு அமைப்புகளின் பெயர்சூட்டல் தனியே எழுத வேண்டிய ஒன்று.) நூற்றாண்டுகள் நீடித்த ஒரு வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது என்ற அளவில் அந்த அறிவிப்பு பொருத்தமானதே. எனினும் எட்டு ஆண்டுகள் கழித்து, 2017 டிசம்பரில், நேபாளத்தில் ரங்கீலா, ஸ்ரீதேவி என்ற இரண்டு ஆட்டக் கரடிகள் மீட்கப்பட்டன. ரங்கீலா அடுத்த ஆண்டு ஆக்ரா வந்து சேர்ந்தது. ‘கடைசி’ என்ற சொல் ஒரு நாட்டின் எல்லைக்குள்தான் செல்லும் என்பதும், அறிவிப்பு வெளியான நாளோடு கண்காணிப்பு முடிந்துவிடக் கூடாது என்பதும் இதிலிருந்து தெரியும்.

‘சரணாலயம்’ என்பது நம் நாட்டில் சட்டச் சொல்; அரசு அறிவிக்கும் நிலப்பரப்புக்கே அது உரியது. தனியார் அமைப்பு நடத்தும் இடம் மீட்பு மையமாக இருக்கலாம். அதற்கு மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரம் வேண்டும். இதைச் சரிபார்க்க ஒரு மின்னஞ்சல் போதும்.

கிணற்றில் விழுந்த நாய்க்குட்டியை மலைப்பாம்பிடமிருந்து காப்பாற்றும் வகைக் காணொளிகளுக்கு இவ்வளவு உழைப்பு வேண்டியதில்லை. ஆபத்து தொடங்கும் முன்பே கேமரா அங்கு இருந்தால் அது அரங்கேற்றம். இத்தகையவற்றை அனுமதிப்பதில்லை என்று யூடியூப் 2021-இல் அறிவிக்க நேர்ந்தது.

ஒரு முகமும் பல நூறு வயிறுகளும்

ஸ்மால், லோவென்ஸ்டீன், ஸ்லோவிக் ஆகிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டினியால் வாடும் பல லட்சம் பேரைப் பற்றிய எண்களைவிட மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் கதைக்கே மக்கள் மிகுதியாகப் பணம் கொடுத்தார்கள். அவள் கதையோடு எண்களையும் சேர்த்துக் காட்டியபோது கொடை குறைந்துவிட்டது. மீட்பு அமைப்புகள் ஒரே விலங்கை முன்னிறுத்துவதற்கு இதுவே காரணம். ஷெல்ட்ரிக் அறக்கட்டளையில் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை செலுத்தினால் ஒரு குட்டியை ‘தத்தெடுக்கலாம்’. அதே குட்டியை உலகெங்கும் எண்ணற்றவர்கள் தத்தெடுத்திருப்பார்கள். இதில் மோசடி ஏதும் இல்லை, ஏனெனில் பணம் பொது நிதியில் சேர்ந்து எல்லாக் குட்டிகளுக்கும் பாலாகிறது. அதை அமைப்பு தெளிவாகச் சொல்கிறதா, அடிக்குறிப்பில் ஒளிக்கிறதா என்பதே நீங்கள் பார்க்க வேண்டியது.

மீட்பு ஓர் இரவில் முடிகிறது. பராமரிப்பு விலங்கின் ஆயுள் முழுதும் நீள்கிறது. அழகான முகங்களுக்கு வரும் பணம் கண்புரையும் மூட்டுவலியும் கொண்ட கிழக் கரடிக்கு வருவதில்லை. இந்தப் பள்ளத்தை நிரப்ப அமைப்புகள் கண்டுபிடித்திருக்கும் உத்திகளைப் பாருங்கள்: மீட்பு நாளின் ஆண்டு நிறைவை விழாவாக்குவது, பழங்களை அடுக்கி விருந்து வைப்பது, குளிர்காலத்தில் மதுராவின் யானைகளுக்கு ஊர்ப் பெண்கள் பின்னிய வண்ணக் கம்பளி உடைகள். 2017-இல் அந்தக் கம்பளிப் படங்கள் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் வெளிவந்தன. சோகம் வற்றிய பிறகு உவகையைக் கொண்டு நிதி திரட்டும் இம்முறையை நான் குறைகூற மாட்டேன். முதுமைப் பராமரிப்பைப் பற்றிப் பேச இதைவிட நல்ல வழி எளிதில் கிடைக்காது. படத்தில் இருக்கும் யானையின் நகமும் பாதமும் எப்படி இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். கான்கிரீட்டிலும் தார்ச்சாலையிலும் கழிந்த வாழ்வின் கணக்கு அங்கேதான் எழுதியிருக்கும்.

கணக்கறிக்கையில் ‘நிர்வாகச் செலவு மிகக் குறைவு’ என்ற வரியைக் கண்டதும் மகிழ வேண்டாம். அமெரிக்காவில் பதிவான கிளை இருந்தால் அது வரித்துறைக்கு ஆண்டுதோறும் அளிக்கும் கணக்கான 990-ஆம் படிவம் பொதுவில் கிடைக்கும். அங்கே நிதி திரட்டும் கடிதத்தின் செலவில் ஒரு பகுதியை விழிப்புணர்வுப் பணி என்று திட்டச் செலவில் சேர்க்கக் கணக்கியல் விதிகள் சில நிபந்தனைகளோடு இடம் தருகின்றன. தீவனம், மருத்துவம், பராமரிப்பாளர் ஊதியம் ஆகியவை தனித்தனியே காட்டப்பட்டிருந்தால் அந்த அறிக்கை வாசிக்கத் தக்கது.

இறுதியாக, இறப்புகளைத் தேடுங்கள். முதிய, நோயுற்ற, தாயற்ற விலங்குகளை ஏற்கும் எந்த இடத்திலும் இறப்பு இருந்தே தீரும். ஷெல்ட்ரிக் அறக்கட்டளை தன் பராமரிப்பாளர்களின் நாட்குறிப்பைத் தொடர்ந்து வெளியிடுகிறது. பிழைக்காத குட்டிகளும் அதில் பதிவாகின்றன. நீங்கள் ஆதரிக்க நினைக்கும் அமைப்பின் கடந்த மூன்று ஆண்டு அறிக்கைகளை எடுத்து, எத்தனை விலங்குகள் வந்தன, எத்தனை இறந்தன, எதனால் இறந்தன என்று ஒரு தாளில் எழுதுங்கள். இறப்புக்கான கட்டம் காலியாகவே இருந்தால், பணம் அனுப்பும் முன் அந்தத் தாளை அவர்களுக்கு அனுப்பி, நிரப்பித் தருமாறு கேளுங்கள்.